மூணு விரல் நுழையுதா?

மணலி எக்ஸ்பிரஸ் சாலையோரம் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசைக்குத் தலை எங்கே, வால் எங்கே என்று தெரியாது. ஹார்பருக்குள் நுழைய முறை வரும்வரை டிரைவர் வண்டியை விட்டுப் போகவும் முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. முன்னால் நிற்கும் வண்டி நாலு அடி நகர்ந்தால் இவரும் நகர வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார். தூக்கத்தைத் துரத்த ஆளுக்கொரு வழி. சிலருக்கு டீ. சிலருக்கு இளையராஜா. நிறையப் பேருக்குக் கன்னத்துக்குள் ஒதுக்கிவைத்த ஒரு சிட்டிகை.

அந்த வரிசைக்கு எதிரே ஒரு டீக்கடை. சங்ககிரிக்காரர் ஒருவர், நாற்பது வயது இருக்கலாம், பஜ்ஜியை நன்றாக ஆறவிட்டுப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சட்னிக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. என்னோடு வந்திருந்த பெண்ணுக்குத் தோன்றிவிட்டது. மணலிப் புதுநகர்க்காரர், பல் மருத்துவம் படித்து முடித்துப் பயிற்சி ஆண்டில் இருப்பவர், பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சட்னி வேண்டாமாண்ணே?"

"காரம் ஆகறதில்லைங்க அம்மணி. ஆறு மாசமா வாயெல்லாம் ஒரே எரிச்சல்."

"மூணு விரலைச் சேர்த்து, செங்குத்தா வச்சு, பல்லுக்கு நடுவுல விட்டுப் பாருங்கண்ணே. உங்க விரலையே."

அவர் சிரித்தார். பிறகு செய்து பார்த்தார். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது பல்லில் இடித்தது.

"ரெண்டு போவுதுங்க. அதுக்கென்ன, சோறு உள்ள போவுதில்ல?"

எந்தக் கருவியும் இல்லாமல், நாற்காலி இல்லாமல், டீக்கடை பெஞ்சில் அரை நிமிடத்தில் நடந்து முடிந்தது ஒரு மருத்துவப் பரிசோதனை. நல்ல நிலையில் இருக்கும் வாயில் அவரவர் மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம்: கடைவாய்ப் பல்லில் சீழ், தாடை மூட்டில் கோளாறு, பழைய அடி. ஆனால் காரம் தாங்காத எரிச்சலோடு சேர்ந்து வாய் குறுகிக்கொண்டே வந்தால், பல் மருத்துவ மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன போடுறீங்க?" என்பதுதான். பாக்கா, மாவாவா, ஹான்ஸ் புகையிலையா, பான் மசாலாவா.

பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்குபவர், அடைப்பவர், கம்பி கட்டுபவர் என்றுதான் நமக்குப் பழக்கம். பல்லைச் சுற்றி இருக்கும் அத்தனையையும், அதாவது கன்னத்தின் உட்புறம், நாக்கு, நாக்குக்கு அடியில், அண்ணம், உதடு, தாடை, கழுத்து நெறி ஆகியவற்றைப் பார்க்கக் கற்றுத்தரும் மூன்று பாடங்கள் பி.டி.எஸ். படிப்பில் உண்டு. ஓரல் மெடிசின், ஓரல் சர்ஜரி, ஓரல் பெத்தாலஜி. முதலாவது, பார்த்தும் கேட்டும் நோயைக் கண்டுபிடிப்பது. இரண்டாவது, கத்தியும் கையும். மூன்றாவது, வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்து அது என்ன என்று சொல்வது. மூன்றும் மூன்று அறைகளில், மூன்று துறைத் தலைவர்களின் கீழ் நடக்கின்றன. நோயாளிக்கு இருப்பதோ ஒரே வாய்.

பிராட்வே பஸ்ஸில் வரும் வாய்கள்

வட சென்னைக்குப் பல் வலி வந்தால் ஒன்று தெருமுனை கிளினிக், இல்லையென்றால் ராயபுரத்து ஸ்டான்லி. பழைய ஆட்கள் இன்னும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள்; 1782-ல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடம்தான் பிறகு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. விஷயம் பெரிது என்றால் பிராட்வே பஸ் ஏறி, அங்கிருந்து கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும்.

அந்தக் கல்லூரி 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது. இந்தியாவில் பல் மருத்துவத்துக்கென்று முறையான கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் தொடங்கியவர் ரஃபியுதீன் அகமது. அதற்கு முப்பத்து மூன்று ஆண்டு கழித்துத்தான் சென்னையின் முறை வந்தது. தமிழக அரசின் மூன்றாவது பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையில் திறந்தது 2023-ல். இடையில் தனியார் கல்லூரிகள் புற்றீசல் போல வந்துவிட்டன. அவற்றில் பெயர் பெற்றவை சென்னையில் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள்: மதுரவாயல், வேலப்பன்சாவடி, ராமாபுரம், போரூர். பூந்தமல்லி சாலையை ஒட்டிப் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். நோய் நெருங்கிக் கிடக்கும் இடம் வேறு.

படிப்பின் கணக்கைப் பாருங்கள். நாலு ஆண்டு வகுப்பு, ஓர் ஆண்டு பயிற்சி. பயிற்சி மாணவரை நம்மூரில் சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள். அந்தப் பன்னிரண்டு மாதத்தை இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் துறைவாரியாகப் பங்கு பிரித்திருக்கிறது. ஓரல் மெடிசினும் எக்ஸ்ரேயும் சேர்த்து 1 மாதம். ஓரல் சர்ஜரி ஒன்றரை மாதம். ஓரல் பெத்தாலஜிக்கு 15 நாள். சமூகப் பல் மருத்துவம், கிராமப்புறச் சேவை என்று 3 மாதம். ஆக, வாய்ப் புற்றுநோய் அதிகமாக இருக்கும் ஒரு நாட்டில், அந்தச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் துறைக்குப் பயிற்சி டாக்டரின் ஆண்டில் அரை மாதம். இந்தப் பங்கீட்டைக் குறை சொல்வது சுலபம். பதினைந்து நாளை முப்பது நாளாக்கு என்று ஒரு மனு எழுதிவிடலாம். என் கண் போனது அந்த 3 மாதத்தின் மேல். அதற்குப் பிறகு வருகிறேன்.

கறுத்த பாக்கும் வெளுத்த கன்னமும்

சங்ககிரிக்காரருக்கு இருப்பது என்ன என்று டீக்கடையில் யாரும் முடிவு சொல்லவில்லை. ஆனால் அந்த அறிகுறிகள் சுட்டும் நோய்க்கு ஒரு நீண்ட பெயர் உண்டு: ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். மாணவர்கள் ஓ.எஸ்.எம்.எஃப். என்று முடித்துவிடுவார்கள். கன்னத்தின் உட்புறத் தோலுக்கு அடியில் நார் நாராகத் தசை இறுகி, ரோஜா நிறம் போய்ப் பளிங்கு போல வெளுத்து, கடைசியில் வாயைத் திறக்க விடாத நோய். கன்னத்தை விரலால் தடவினால் உள்ளே கயிறு மாதிரி பட்டை பட்டையாகத் தட்டுப்படும். தொட்டுப் பார்க்காமல் கண்ணால் மட்டும் பார்க்கிற மாணவர் இதைத் தவறவிடுவார்.

பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற பொருள், நார்ச் சதையை உற்பத்தி செய்யும் செல்களைத் தூண்டிவிடுகிறது. பாக்கில் செம்புச் சத்தும் அதிகம். உருவான நார்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பூட்டும் நொதிக்கு அது தீனி. நார் கூடுகிறது, கரைவது குறைகிறது. பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவது நிற்கலாம். ஆனால் இறுகிய வாய் பழையபடி இளகுவது அபூர்வம்.

இதை மருத்துவ ஏட்டில் முதலில் பதிந்தவர் ஷ்வார்ட்ஸ் என்பவர், 1952-ல். நோயாளிகள் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்கள். கப்பலேறிப் போன குடும்பம் கூடவே பாக்குப் பெட்டியையும் கொண்டுபோயிருக்கிறது. அடுத்த ஆண்டே பம்பாயில் எஸ்.ஜி.ஜோஷி அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். அதற்கும் இருபது ஆண்டு முன்னால், 1933-ல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் ஐ.எம்.ஓர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதியிருந்தார். நெய்யூர் இன்று நம் கன்னியாகுமரி மாவட்டம். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன ஹோவார்டு சாமர்வெல் டாக்டராக உட்கார்ந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். வெள்ளைக்காரர் சொன்ன பிறகுதான் நமக்குத் தெரிந்தது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்னத்தில் எந்த இடத்தில் அடக்கிவைக்கிறோமோ அந்த இடத்தில்தான் புண் வருகிறது என்பது, கிழவிகளுக்குத் தெரியாத ரகசியமாக இருந்திருக்காது. எழுதிவைத்தது வெள்ளைக்காரர்கள்.

பாக்கு விஷயத்தில் நமக்கு ஒரு மனத்தடை இருக்கிறது. புகையிலை கெட்டது என்றால் தலையாட்டுவோம். பாக்கு கெட்டது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். பாக்கு வெற்றிலை மாற்றித்தான் நம் வீட்டில் கல்யாணமே நிச்சயமாகிறது. விருந்து தாம்பூலத்தோடுதான் முடிகிறது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையே இரண்டு தவணையில்தான் இதைச் சொன்னது. புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும் என்று 1985-ல். புகையிலையே இல்லாவிட்டாலும் பாக்கு மட்டும் போதும் என்று 2004-ல். சபையில் ஒருமுறை மெல்லும் தாம்பூலத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாளெல்லாம் கன்னத்தில் கிடக்கும் மாவா வேறு விஷயம்: சீவல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் கசக்கிப் பிளாஸ்டிக் தாளில் சுருட்டிக் கொடுப்பது. எர்ணாகுளம் பக்கம் ஓ.எஸ்.எம்.எஃப். நோயாளிகளை 17 ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது அவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு அது புற்றாக மாறியிருந்தது.

சட்டம்? தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013-ல் தடை வந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். 2016-ல் வருமான வரிச் சோதனையில் சிக்கிய குட்கா வியாபாரியின் கணக்கு நோட்டு, கோட்டை வரை ஆட்டிப்பார்த்து, சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது ஊரறிந்த கதை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தடை உத்தரவை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. இத்தனை நடந்தும் சாலையோரத்தில் கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார். என் முகத்துக்குக் கொடுக்கவில்லை.

இரண்டு கலர் பென்சில்

பல் மருத்துவக் கல்லூரி மாணவர் எவர் வீட்டுக்குப் போனாலும் ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஏதோ ஓவியம் இருக்கும். மற்ற நிறமே இருக்காது. மைக்ராஸ்கோப்பில் தெரிவதை அப்படியே கலர் பென்சிலால் வரைய வேண்டும் என்பது ஓரல் பெத்தாலஜி வகுப்பின் பழைய வழக்கம். ஹெமடாக்சிலின் சாயம் ஏறிய செல் கரு ஊதா. இயோசின் ஏறிய மற்றதெல்லாம் சிவப்பு. செல்போனில் நொடியில் படம் எடுக்கும் காலத்தில் இது எதற்கு என்று மாணவர்கள் முனகுவார்கள். நானும் முதலில் அவர்கள் கட்சிதான். அந்த மணலிப் பெண் மாற்றிவிட்டார். "கேமரா எல்லாத்தையும் பாக்கும் சார். வரையறப்போதான், எதைப் பாக்கணும்னு கண்ணு பழகும். நார்மல் எங்க முடியுது, கேன்சர் எங்க ஆரம்பிக்குதுன்னு ஒரு கோடு இருக்கே, அதை நாமதான் போட்டாகணும்."

அந்தக் கோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. வாயின் மேல்தோல் செல்கள் அடுக்கு அடுக்காக ஒழுங்காக நிற்க வேண்டியவை. ஒழுங்கு கெட்டு, கரு பருத்து, அடுக்கு குலைந்தாலும் அடித்தளச் சவ்வைத் தாண்டாதவரை அது முன்நிலை. தாண்டி உள்ளே தீவு தீவாக இறங்கிவிட்டால் புற்று. சில இடங்களில் வெங்காயத் தோல் மாதிரி வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்டு நிற்கும். கெரட்டின் முத்து என்பார்கள். இவ்வளவு கொடிய விஷயத்துக்கு இவ்வளவு அழகான பெயரை வைத்தவர் யாரோ.

அந்தச் சதை மைக்ராஸ்கோப்புக்கு வரும் வழி நீளம். சர்ஜரி அறையில் ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில், கொஞ்சம் நல்ல சதையும் சேர்த்து ஒரு துண்டு எடுக்க வேண்டும். புண்ணின் நட்ட நடுவில் எடுத்தால் செத்த சதைதான் கிடைக்கும், ரிப்போர்ட் ஒன்றும் சொல்லாது. புதிதாகக் கத்தி பிடிப்பவர் செய்யும் முதல் தப்பு இது. எடுத்ததை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். அவசரத்துக்குச் சலைனில் போட்டால் அழுகிவிடும். பாட்டில் மேல் பெயர் ஒட்ட வேண்டும். பிறகு மெழுகில் பதித்து, 4 அல்லது 5 மைக்ரான் மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றுகிறார்கள். ஆள் வாயிலிருந்து ரிப்போர்ட் வரை சில நாள் ஆகும்.

நோயாளி காணாமல் போவது அந்தச் சில நாளில். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் ஒரு பக்கம். ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள் லீவு போட்டால் இன்னொரு நாள் கூலி போகும் என்பது மறுபக்கம். லாரிக்காரர் என்றால் ரிப்போர்ட் வரும் நாளில் அவர் நாக்பூரைத் தாண்டியிருப்பார்.

இந்தப் பாடத்தின் வேதப்புத்தகம் ஷாஃபர், ஹைன், லெவி மூவரும் 1958-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் எழுதியது. இன்று இந்திய மாணவர் கையில் இருக்கும் பதிப்புகளைத் திருத்திப் புதுப்பித்தவர்கள் கேரளத்து ஆர்.ராஜேந்திரனும் சென்னையின் பி.சிவபாதசுந்தரமும். அமெரிக்க மாணவர் ஆயுளில் ஒன்றிரண்டு பார்க்கும் ஓ.எஸ்.எம்.எஃபை நம் மாணவர் ஓ.பி.யில் சர்வசாதாரணமாகப் பார்க்கிறார். புத்தகம் இங்கே குடிவந்ததில் ஆச்சரியம் இல்லை.

"என்ன வேலைண்ணே?"

ஓரல் மெடிசின் அறையில் மாணவர் நிரப்பும் கேஸ் ஷீட்டில் முதல் சில கட்டங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், முகவரி. ஐந்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். பல் மருத்துவத்தின் சரித்திரத்தில் பாதி அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தீக்குச்சி செய்த பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி சொத்தைப் பல் வழியாக எலும்புக்குள் இறங்கும். முதலில் பல் வலி, பிறகு சீழ், நாற்றம், கடைசியில் தாடையே உதிரும். 1888-ல் பிரையன்ட் அண்ட் மே கம்பெனிப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் பின்னணியில் இந்தத் தாடைகளும் இருந்தன. 1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் தீப்பெட்டித் தொழிலில் வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்யும் ஒப்பந்தத்தைச் செய்தன. சிவகாசித் தீப்பெட்டியின் பக்கவாட்டில் நாம் உரசுவது ஆபத்தில்லாத சிவப்புப் பாஸ்பரஸ். ஈறு ஓரத்தில் நீலக் கறுப்புக் கோடு ஓடினால் உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்று 1840-ல் ஹென்றி பர்ட்டன் கண்டு சொன்னார். பேட்டரி செய்யும் இடத்திலும் துத்தநாக முலாம் பூசும் இடத்திலும் அமில ஆவியில் நிற்பவர்களுக்கு, உதடு மூடாத முன்பல்லின் நுனி கரைகிறது. ஆலை எதை வெளியே விடுகிறது என்பதை வாய் பதிவு செய்துவைக்கிறது.

பழைய கதை திரும்பவும் வந்தது. 2003-ல் மயாமியில் ராபர்ட் மார்க்ஸ் என்ற அறுவை நிபுணர், தாடை எலும்பு செத்துப்போன நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் தீப்பெட்டித் தொழிலாளிகள் இல்லை. எலும்புக்காகவும் புற்றுநோய்க்காகவும் பிஸ்பாஸ்பனேட் என்ற மருந்து எடுத்தவர்கள். அதனால்தான் இன்று பல் பிடுங்குவதற்கு முன், "பாட்டி, எலும்புக்கு ஏதாவது ஊசி போட்டீங்களா?" என்று கேட்காத மாணவரைப் பேராசிரியர் நாற்காலிக்குப் பக்கத்தில் விடமாட்டார். பிடுங்குவது கைப்பழக்கம். மரப்பு ஊசி எங்கே இறங்க வேண்டும், குறட்டை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது இருபது பல்லுக்குள் பிடிபட்டுவிடும். கேட்பது பிடிபட நாளாகும். 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது இது நன்றாகத் தெரிந்தது. கொரோனாவிலிருந்து எழுந்த சர்க்கரை நோயாளிகள் சிலர், மேல்தாடைப் பல் திடீரென்று ஆடுகிறது என்று முதலில் போனது பல் டாக்டரிடம். ஆடுகிற பல்லைப் பிடுங்கி அனுப்பியவரும் உண்டு, "கொரோனா வந்துச்சா, சுகர் எவ்வளவு?" என்று கேட்டு உயிரைக் காப்பாற்றியவரும் உண்டு.

இப்போது மணலிக்கு வாருங்கள். 1969-ல் ரிஃபைனரி ஓடத் தொடங்கியது. 1971-ல் உரத் தொழிற்சாலை. அவற்றைச் சுற்றிப் பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட், நாலாபுறமும் கன்டெய்னர் யார்டுகள். 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சிக்குள் வந்து இரண்டாம் மண்டலம் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் போனபோது கேமராக்கள் வந்தன. ஒரு வாரத்தில் போய்விட்டன. வெல்டர், லோடுமேன், பெயின்டர், டிரைவர், கிளீனர், காசிமேட்டில் மீன் கூடையோடு உட்காரும் அம்மா, சுருக்குப் பையில் வெற்றிலை வைத்திருக்கும் ஆயா என்று இங்கே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தொழில் இருக்கிறது. ஆந்திரத்திலிருந்து வந்தவர் என்றால் இன்னொன்றும் உண்டு: அந்தக் கரையோரத்தில் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பழக்கம் உண்டு. அவர்களுக்குப் புற்று அண்ணத்தில் வரும். அண்ணாந்து பார்க்கச் சொல்லாத மாணவருக்கு அது தெரியாது. 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லால் இவர்களை எப்படி அடைக்க?

டார்ச்சும் கண்ணும்

பயிற்சி ஆண்டின் அந்த 3 மாதத்துக்கு வருகிறேன் என்றேனே. சமூகப் பல் மருத்துவம் என்றால் நாம் கண்டது முகாம்தான். பள்ளிக்கூட வராந்தா, ஃபிளெக்ஸ் பேனர், வரிசை, இலவச டூத்பேஸ்ட், குரூப் போட்டோ. வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் சொத்தை என்று எண்ணிக்கொண்டு வேன் கிளம்பிவிடும். அடைப்பது யார் என்று கேட்கக் கூடாது. இந்த முகாம்களால் பேஸ்ட் கம்பெனிக்கு நன்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் வேறு மாதிரி ஒன்று செய்து காட்டியிருக்கிறார்கள். 13 பஞ்சாயத்துகள், ஏறக்குறைய 1,90,000 பேர். பாதி ஊர்களில், டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற நலப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைத் திறந்து கண்ணால் பார்த்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்த்தார்கள். சங்கரநாராயணன் குழுவினர் 2005-ல் லான்செட்டில் முடிவை வெளியிட்டனர்: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய்ப் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஸ்கேன் இல்லை, மெஷின் இல்லை. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. பழக்கம் உள்ளவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பார்த்தால் பலன் உண்டு என்று நான் அதைப் படித்தேன்.

அந்த இடம் லாரி வரிசை. பயிற்சி டாக்டர் இருவர், ஒரு டார்ச், மரக்குச்சி, கையுறை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போக வேண்டும், காலை பத்து மணிக்கு அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சுரண்டினால் வராத வெள்ளைப் படை, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, மூன்று விரல் நுழையாத வாய் என்று நாலே விஷயம் பார்த்தால் போதும். சிவப்புத் திட்டு வெள்ளையை விட ஆபத்தானது என்பதை டிரைவருக்கும் சொல்லிவிட வேண்டும். வலிக்காது என்பதால் அவர் கண்டுகொள்ள மாட்டார். சந்தேகப்பட்டவரின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு, அடுத்த மூன்று மாதமும் அதே மாணவரே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: போனீங்களா, சதை எடுத்தாங்களா, ரிப்போர்ட் என்ன. பயாப்ஸி அங்கேயே எடுக்கக் கூடாது. சாலையோரம் அதற்கான இடம் இல்லை. ஆனால் அந்தச் சதையின் ஸ்லைடை அதே மாணவர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஓரல் பெத்தாலஜியின் அந்தப் பதினைந்து நாளுக்கு ஒரு முகம் இருக்கும்.

இதற்குப் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ வேண்டாம். கல்லூரி வேன் திரும்பும் திசையைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். மணலிப் பெண் ஒரு படி மேலே போனார். அவர் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் வந்ததால்தான் பல் மருத்துவ இடம் கிடைத்தது. "எங்க தெருவுல மாவா போடாத ஆம்பளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம் சார். மூணு விரலே ஜாஸ்தி," என்றார். காலேஜில் முதல்முறை ஓ.எஸ்.எம்.எஃப். நோயாளியின் கன்னத்தைத் தடவியபோது, அது தன் மாமா கன்னம் மாதிரியே இருந்ததாம். வீட்டுக்குப் போனதும் மாமாவை உட்காரவைத்துத் தடவிப் பார்த்தாராம். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டீக்கடையில் அவர் தன் பையிலிருந்து ஒரு கேஸ் ஷீட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பெயர் எழுதினார். வயது எழுதினார். தொழில் என்ற இடத்தில் டிரைவர் என்பதோடு விடவில்லை. எத்தனை வருஷமா ஓட்டுறீங்க, ராத்திரி எத்தனை மணி நேரம், எப்போதிலிருந்து போடுறீங்க, எந்தக் கன்னத்தில் என்று கேட்டுக் கேட்டு, கட்டம் தாண்டி ஓரத்திலும் எழுதினார். சங்ககிரிக்காரருக்கு முதலில் கூச்சம். பிறகு அவராகவே இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அட்ரஸ் சொல்லுங்கண்ணே."

அவர் யோசித்தார். எதிரே முன்வண்டி நகரத் தொடங்கியிருந்தது. பின்னாலிருந்து ஹாரன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். கேபின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டே, தலையை வெளியே நீட்டி, திறந்த மட்டும் வாயைத் திறந்து கத்தினார்:

"வண்டி நம்பரை எழுதிக்கங்க அம்மணி!"